மார்பிளில் மட்டும் ஊற்றாதீர்கள்

சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பதினேழாவது மாடி என்னுடையது. வாங்கிப் போட்டது இல்லை, துடைத்துப் போடுவது. இருந்தாலும் என்னுடையது என்றுதான் சொல்வேன். அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்தாறு வருஷத்துக்கு மேல் தங்குவதில்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். நாற்காலிகள் மாறின, கார்ப்பெட் மாறியது, வாடகைக்கு இருந்த கம்பெனியே இரண்டு தடவை மாறியது. துப்புரவு வேலையின் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனபோதும், "அந்த ஆன்ட்டி எங்களுக்கு வேண்டும்" என்று மாடியில் இருப்பவர்கள் கேட்டு என்னை வைத்துக்கொண்டார்கள். என் பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆன்ட்டி என்றால் நான்தான்.

இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமாகப் பேசு என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். அடக்கம் அவரிடமே இருக்கட்டும். ஒரு கழிவறையை மூக்கைப் பிடிக்காமல் உள்ளே போய் வரும்படி இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்தவளுக்குப் பேச உரிமை உண்டு.

என் வேலையின் ரகசியம் வினிகர். வெள்ளை வினிகர், சாதாரண பெரிய பாட்டில். அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது. நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாவற்றுக்கும் ப்ளீச்தான். நாளெல்லாம் அதில் ஊறி ஊறி என் உள்ளங்கை வெடித்துவிட்டது. விரல் மடிப்புகளில் கோடு கோடாகக் கீறல். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்குக் கிளம்பும்போது தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவேன். ஒருநாள் தலையை இழுத்துக்கொண்டு, "வேணாம் மா, உங்க கை முள்ளு மாதிரி இருக்கு," என்றாள். அப்பாவைப் பின்னிவிடச் சொன்னாள். அவர் பஸ் ஓட்டுகிறவர். அவர் பின்னிய பின்னலோடு அவள் ஒரு வாரம் பள்ளிக்குப் போனாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்து மாடியில் துடைத்துக்கொண்டிருந்த சீனப் பெண்மணி ஒருத்தி, தன் வீட்டில் கெட்டிலுக்குள் படியும் வெள்ளைப் படலத்தை வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்து எடுப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்றைக்கு எங்கள் மாடியில் யாருக்கோ பிறந்தநாள். பீஹூன், அதாவது அரிசி நூடுல்ஸ், வரவழைத்துச் சாப்பிட்டிருந்தார்கள். அதோடு வந்த பச்சை மிளகாய் ஊறவைத்த வினிகர் ஒரு டப்பா நிறைய மிச்சம் இருந்தது. வினிகர் வினிகர்தானே என்று மிளகாயை வடிகட்டிவிட்டு ஆபீஸ் கெட்டிலில் ஊற்றிக் கொதிக்கவைத்தேன். படலம் போய்விட்டது. கெட்டில் புதுசு போல மின்னியது. ஒருமுறை அலசி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் குடித்த முதல் காப்பி காரமாக இருந்தது. அவர் இருமிய இருமல் பேன்ட்ரியிலிருந்து லிஃப்ட் வரை கேட்டது. நானே போய்ச் சொன்னேன், நான்தான் செய்தேன் என்று. அவர் கோபிக்கவில்லை. கண்ணில் தண்ணீரோடு கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, நன்றாகத்தான் சுத்தமாகியிருக்கிறது என்றார். அன்றைக்கே கடைக்குப் போய் மிளகாய் போடாத வினிகர் பாட்டில் ஒன்று வாங்கினேன்.

அதற்கப்புறம் நான் அடங்கவில்லை. வினிகரில் நனைத்த டிஷ்யூவைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டால் வெள்ளைப் புள்ளிகள் கையோடு வரும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்தால் கண்ணாடிக் கதவு இருப்பதே தெரியாது. இரண்டு பேர் அதில் முட்டிக்கொண்டபின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என் மாடிக்குக் கிடைத்த பட்டம் அந்த ஸ்டிக்கர்தான் என்று நான் சொல்வேன். குளிர்பெட்டி நாற்றம், மைக்ரோவேவ் நாற்றம், கழுவுதொட்டி நாற்றம், எல்லாவற்றுக்கும் அதே பாட்டில். வினிகருக்கும் ஒரு வாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. காய்ந்ததும் தன் வாசத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு மாதத்தில் என் கை ஆறியது. மகள் தலையைக் காட்டினாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டேன்.

அப்போது எனக்கு வினிகரால் ஆகாதது எதுவுமே இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பில் ஒருநாள் வரவேற்பு மேசையைத் துடைக்கும்போது, அடியெல்லாம் ஈரமாக இருந்த பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். மேசையின் மேல்பலகை மார்பிள். திரும்பி வந்து பாட்டிலை எடுத்தால் கீழே ஒரு வட்டம். கறை என்று நினைத்துத் தேய்த்தேன். இன்னும் மங்கியது. மேலும் வினிகர் போட்டேன். அவ்வளவுதான், அந்த இடமே பளபளப்பு செத்துச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

அதையும் நானேதான் போய்ச் சொன்னேன். பார்க்க வந்த மார்பிள் வேலைக்காரர் விளக்கினார். மார்பிளும் சுண்ணாம்பு வகைதானாம், புளிப்பு பட்டால் அது கல்லையே தின்றுவிடுமாம். அழுக்கு என்றால் துடைக்கலாம், தின்ற கல்லை எதைக் கொண்டு துடைப்பது? இயந்திரம் வைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். ஒரு வட்டத்துக்காக யாரும் இயந்திரம் வரவழைக்கவில்லை, ஒரு பூந்தொட்டியை மேலே வைத்துவிட்டார்கள். தினமும் அந்தத் தொட்டியைத் தூக்கி அடியில் துடைக்கிறவள் நான்தான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் இரண்டே விஷயம் சொல்வேன். ப்ளீச்சோடு வினிகரைக் கலக்கக் கூடாது, கிளம்புகிற புகை நெஞ்சை அடைத்துவிடும். மார்பிளில் வினிகரை ஊற்றக் கூடாது. சொல்லிவிட்டு பூந்தொட்டியைத் தூக்கிக் காட்டுவேன்.

என் மகள் படித்தாள், பிசியோதெரபி. நடக்க முடியாதவர்களை நடக்கவைக்கிற வேலை. கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன், தமிழ்ப் பையன், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு குடும்பமும் முதன்முதலில் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். பையனின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, அப்பா கட்டுமான இன்ஜினியராக இருந்தவர். செராங்கூன் கார்டன் பக்கம் சொந்த வீடு, அதுவும் அடுக்குமாடி இல்லாத தரைவீடு. நல்ல மனிதர்கள்தான். ரசம் வந்ததும் அந்த அம்மா எங்களைப் பார்த்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

என் மகள் முந்திக்கொண்டாள். "அப்பா பஸ் கேப்டன், ஆன்ட்டி. அம்மா ஆபீஸ்ல ஃபெசிலிட்டீஸ் சைட்ல இருக்காங்க."

"ஓ, ஃபெசிலிட்டீஸ் மேனேஜ்மென்ட்டா?" என்றார் அவர், கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிற அதிகாரி என்று நினைத்துக்கொண்டு. என் மகள் ரசத்தைக் குடித்தாள். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் அப்பாவின் வேலையைச் சொல்ல அவள் வாய் கூசவில்லை. துடைக்கிறவளுக்கு அப்படி ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அவளே ஒன்று வைத்துவிட்டாள்.

லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து எங்கள் செங்காங் வரை ஒன்பது நிறுத்தத்தையும் எண்ணிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டேன்.

"ஃபெசிலிட்டீஸ்னா என்னா?"

"அம்மா, அது பொய் இல்ல மா. கிளீனிங்கும் ஃபெசிலிட்டீஸ்லதானே வருது."

"நான் துடைக்கிறேன். அதுக்குத் தமிழ்லயும் வார்த்தை இருக்கு, இங்கிலீஷ்லயும் இருக்கு. உனக்கு எதுல வரல?"

அவள் அழுதுவிட்டாள். "எனக்கு வெக்கம்னு நெனைக்காதீங்க. அவங்க யாராச்சும் உங்கள ஒரு மாதிரி பார்த்தா என்னால தாங்க முடியாது. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிடுறேன் லா."

வெட்கம் இல்லை என்றால் அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வேறு மாதிரி முடிந்திருக்கும். என் கணவர் காற்றாடி சுவிட்சைப் போட்டுவிட்டு, "நானும்தானே பக்கத்துல ஒக்காந்து சும்மா இருந்தேன், அவள மட்டும் ஏன் திட்டற," என்றார். அவரையும் திட்டினேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் வேலையின் பெயரை என் மகள் தன் வாயால் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். நானே சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன பயம், மேனேஜருக்கே காரக் காப்பி கொடுத்தவள். ஆனால் நான் சொன்னால் என் மகள் பொய் சொன்னவளாகிவிடுவாள். அந்த வீட்டில் போய் வாழப்போகிறவள் அவள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் சம்பந்தியம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். செங்காங்கில் நாலு அறை வீடு, பதினொன்றாவது மாடி. வந்தவர் சமையலறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். குழாயில் அவர் முகம் தெரிந்தது. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற டைல்ஸில் விரலால் தடவிப் பார்த்தார். ஆசிரியை அல்லவா, திருத்துகிற கை. விரல் சுத்தமாக வந்தது.

"எப்படிச் சம்பந்தி இது? எங்க வீட்டுல ஆள் வெச்சும் இப்படி வரல."

என்னை யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் போதும். பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்து ஆரம்பித்துவிட்டேன். கெட்டில், குழாய், கண்ணாடி, குளிர்பெட்டி, துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் வளையம். அவர் கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நாற்பது வருஷம் மற்றவர்களை எழுதவைத்தவர் நான் சொல்லச் சொல்ல எழுதினார். என் தலை கூரையில் இடித்தது.

"எதுல யூஸ் பண்ணக் கூடாது?" என்று சரியாகக் கேட்டார்.

"ப்ளீச்சோட சேக்கவே கூடாது சம்பந்தி. அப்புறம்..." என்று பூந்தொட்டிக் கதையைத் தொடங்கினேன். "எங்க ஆபீஸ்ல ஒரு தடவ நான் வந்து..."

வாசலில் நின்றிருந்த என் மகள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். ஃபெசிலிட்டீஸ் மேனேஜர் எதற்கு வரவேற்பு மேசையைத் துடைக்கிறாள்? அந்தக் கதையைச் சொன்னால் நான் யார் என்று சொன்ன மாதிரி. பாதியில் விழுங்கினேன். "அப்புறம், பாத்து யூஸ் பண்ணுங்க," என்று முடித்துவிட்டேன். கிளம்பும்போது ஒரு தெளிப்பு பாட்டிலும், பிரிக்காத வினிகர் பாட்டில் ஒன்றும் கொடுத்தனுப்பினேன். வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலை பாக்கோடு வினிகர் கொடுத்த முதல் சம்பந்தி நானாகத்தான் இருக்கும்.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாசற்படி தாண்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடம் முழுக்க வெள்ளை மார்பிள், ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொரு பலகையையும் தானே தேர்ந்தெடுத்து, கல்லின் கோடுகள் ஒன்றோடொன்று சேரும்படி உட்கார்ந்து அடுக்கவைத்தாராம். பெருமைப்படுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கும். நானும் அந்த ஜாதிதான். மார்பிளுக்கு வினிகர் ஆகாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பாரே என்று மறுபடி உள்ளே போய்விட்டது. சமையலறையில் எட்டிப் பார்த்தேன். என் பாட்டில் கெட்டில் பக்கத்தில் இருந்தது. கெட்டிலுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

கல்யாணம் செராங்கூன் சாலையில் ஒரு கோயிலில் நல்லபடியாக நடந்தது. அதைப் பற்றி எழுதினால் பட்டுப்புடவையின் நிறத்திலிருந்து ஆரம்பிப்பேன், முடியாது. சாப்பாடு முடிந்ததும் பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். எங்களை முதலில் உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். மாப்பிள்ளையின் சித்தி உள்ளிருந்து ஆரத்தித் தட்டோடு வந்தார். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த நீர், நல்ல சிவப்பு, தளும்பத் தளும்ப. அவ்வளவு ஊற்றியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. துடைக்கிறவள் கண்ணுக்கு முதலில் அதுதான் படும்.

மூன்று சுற்று சுற்றி, இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்து, தட்டை வெளியே கொண்டுபோக அவர் ஒதுங்கினார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கேமராவோடு பின்னோக்கி நடந்து வந்து அவர் முழங்கையில் மோதினார். தட்டு கவிழ்ந்தது. வெள்ளை மார்பிளில் சிவப்பு நீர் வாசலிலிருந்து சோபா வரை ஓடியது.

பின்னாலிருந்து ஒரு குரல், சகுனம் என்று ஏதோ முனகத் தொடங்கியது. இன்னொரு குரல் அதை அடக்கியது. மாப்பிள்ளையின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படம் எடுத்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சம்பந்தியம்மாதான் முதலில் அசைந்தார். சமையலறைக்குள் ஓடி என் பாட்டிலோடு வந்தார். "ஒண்ணும் ஆகாது, நம்ம சம்பந்தி குடுத்த வினிகர் இருக்கு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் ஓடியிருந்த ஓரத்தில் கொஞ்சம் ஊற்றினார்.

ஊற்றிய இடத்தில் சிவப்பு மறைந்து மஞ்சளானது. கூடியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். எனக்குத் தெரியும், அது கறை போனது இல்லை. சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும், புளிப்பு சேர்ந்தால் பழையபடி மஞ்சளாகும், அவ்வளவே. மஞ்சள் அங்கேயேதான் இருக்கிறது. அதன் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புவதை நான் பார்த்தேன். வேலை செய்கிறது என்று நினைத்து அவர் பாட்டிலை இன்னும் சாய்த்தார்.

"ஊத்தாதீங்க சம்பந்தி," என்று கத்திவிட்டேன். சம்பந்தி வீட்டுக் கூடத்தில், கல்யாணத்தன்று, அத்தனை பேர் முன்னால். போய் பாட்டிலைக் கையிலிருந்து பிடுங்கினேன்.

அவர் முகம் சுருங்கியது. "நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஒண்ண சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடது. மார்பிள்ல வினிகர் பட்டா கல்ல தின்னுடும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். கை தன்னாலே வேலையைத் தொடங்கிவிட்டது, வாயும்தான். வெறும் தண்ணீர் கேட்டேன். வினிகர் விழுந்த இடத்தில் முதலில் ஊற்றி ஊற்றி ஒற்றினேன். டிஷ்யூ இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். "யாரும் தேய்க்காதீங்க, தேச்சா உள்ள எறங்கிடும். வெளியிலேருந்து நடுவுக்கு ஒத்தி எடுக்கணும்." மாப்பிள்ளையின் சித்தியை வீட்டிலிருக்கிற ஆப்ப சோடாவை எல்லாம் எடுத்துவரச் சொன்னேன். படம் எடுத்தவரை மருந்துக் கடைக்கு ஓடச் சொன்னேன், காயம் கழுவுகிற பெராக்சைடு வாங்க. இரண்டையும் குழைத்துக் கறைமேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் கல்லுக்குள் போனதை அது மேலே இழுக்கும். மாப்பிள்ளையின் அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். தள்ளி நின்றார்.

கறை என்ன ஆனது என்று இழுத்தடிக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாள், மூன்று பூச்சு. மிச்சமிருந்த வெளிர் மஞ்சளை வாசல் வெயில் தின்றது. வினிகர் பட்ட ஓர் உள்ளங்கை இடம் மட்டும் மங்கிப்போனது. அதைப் பாலிஷ்காரர் வந்து சரிசெய்தார். பாட்டில் முழுக்க ஊற்றியிருந்தால் கூடத்தையே தேய்த்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக மாப்பிள்ளையின் அப்பா எனக்குப் போன் செய்து சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

ஆனால் அன்றைக்கு நான் மண்டியிட்டிருந்த நேரத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. என் கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. கேலியாக இல்லை, நிஜமாகவே வியந்துபோய்ச் சம்பந்தியம்மா கேட்டார்.

"எப்படிச் சம்பந்தி இவ்வளவு தெரியுது? ஃபெசிலிட்டீஸ்ல இதெல்லாமா ட்ரெயின் பண்றாங்க?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற பதில். என் கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. நான் சொல்லவில்லை. பயத்தால் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த டிஷ்யூவை எடுத்தேன். ஒற்றினேன். இன்னொன்று எடுத்தேன்.

"அத்தை."

என் மகளின் குரல். அன்றைக்குத்தான் ஆன்ட்டியை அத்தை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். வழியெல்லாம் ஈரமாக இருந்ததால் அவளும் மாப்பிள்ளையும் இன்னும் வாசற்படிக்கு வெளியேதான் நின்றிருந்தார்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் ஆரத்திப் பொட்டு.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும் அத்தை. அம்மா ஃபெசிலிட்டீஸ் மேனேஜர் இல்ல. அம்மா கிளீனர். தஞ்சோங் பகார்ல ஒரு ஆபீஸ் முழுக்க அவங்கதான் கிளீன் பண்றாங்க, எனக்கு ஆறு வயசா இருந்தப்பலேருந்து. நான் படிச்சது அதுலதான். நான்தான் மாத்திச் சொன்னேன். அவங்க ஒரு நாளும் அத மறைக்கச் சொல்லல." சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "அவங்க சொல்றபடி செய்ங்க. இதுல அவங்களுக்குத் தெரிஞ்சது இங்க யாருக்கும் தெரியாது."

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். கண்ணீர் பட்டால் மார்பிளுக்கு என்ன ஆகும் என்று மார்பிள் வேலைக்காரர் எனக்குச் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் பட்டுப்புடவை சரசரக்கும் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா என் அருகே மண்டியிட்டிருந்தார், கையில் ஒரு கட்டு டிஷ்யூவோடு.

"எங்கேருந்து ஒத்தணும், சொல்லுங்க," என்றார்.

"வெளியிலேருந்து நடுவுக்கு," என்றேன். அவர் ஒற்றத் தொடங்கினார். கொஞ்சம் அழுத்தமாகத்தான் ஒற்றினார். திருத்தாமல் விட்டேன்.

பிறகுதான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். என் மகள் அழுதுகொண்டே என்னைப் பார்த்து நின்றாள். அவள் உள்ளே வர ஒரு பாதை வேண்டும். இடதுபக்கம் சுவரோரமாக இரண்டு பலகை அளவுக்குக் காய்ந்த துணியால் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை.

"இந்தப் பக்கம் காஞ்சிருக்கு," என்றேன். "வலது கால இங்க வெச்சு வா மா."